கயிறு கட்டிய குப்பிகள்

அத்தியாயம் 9

மருந்துக் கம்பெனி ஏஜென்ட் போனை வைத்துவிட்டான். வைத்தது கூடப் பரவாயில்லை. வைப்பதற்கு முன்னால் சிரித்தான். அதுதான் பூமாரிக்குப் பொறுக்கவில்லை.

"என்னங்க்கா சொல்றான்?" ஜீப்பின் ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி கேட்டான் சென்னிமலை.

"அவங்க மருந்து அடியில தங்காதாம். தங்குனா அது அவங்க மருந்தே இல்லையாம், டூப்ளிகேட்டாம். இதைத்தான் மூணு நாளா எல்லாப் பயலும் சொல்றாய்ங்க."

"நாலாவது நாளும் சொல்லுவானுங்க. சொல்றதுக்கு என்ன செலவுங்க?"

"நாலாவது நாள் நமக்கு ஏதுப்பா? அஞ்சு மணி வரைக்குந்தான் இருக்கு."

மணி ஒன்றேகால். கொல்லங்கோட்டில், ஆஸ்பத்திரியின் பக்கவாட்டு கேட்டுக்கு எதிரே, நிழல் என்று பேருக்கு விழுகிற ஒரு புளியமரத்தடியில் ஜீப் நின்றது. பூமாரி இருபது வருஷம் வண்டன்மேட்டில் ஏலக்காய் தரம் பிரித்தவள். கூடையில் ஆயிரம் காய் கிடந்தாலும் பிளந்த ஒரு காய் அவள் கண்ணுக்குத் தனியாகத் தெரியும். அந்தக் கண்ணை நம்பித்தான் தையல் கடை மாடியில் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டினாள். சென்னிமலை மீனாட்சிபுரத்துக்காரன். நாற்பது வயது. ஜீப்பும் அவனுடையது, வாயும் அவனுடையது. இரண்டுக்கும் பிரேக் கொஞ்சம் மட்டம்.

மூன்று நாளாக அந்தக் கண் எதையும் காட்டவில்லை. கேஸ் இதுதான்.

மீனாட்சிபுரம் ராமாத்தாளுக்குச் சர்க்கரை வியாதி. மூக்கில் பிடித்த பூஞ்சை கண்ணுக்கு ஏறிவிட்டது. அதற்கென்று ஒரு ஊசி மருந்து உண்டு. மஞ்சளாக, தெளிந்த மோர் மாதிரி இருக்கும். ஆஸ்பத்திரியில் இருப்பு இல்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அவளுடைய அண்ணன் ரத்தினசாமி கோயமுத்தூர் போய்ப் பன்னிரண்டு குப்பி வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். செவ்வாய்க்கிழமை நாலு குப்பி ஏற்றினார்கள். அரைமணியில் ராமாத்தாளுக்குக் கட்டிலே ஆடுகிற மாதிரி நடுக்கம். மறுநாள் மூத்திரம் பாதியாகக் குறைந்தது. மிச்சக் குப்பிகளைத் தூக்கிப் பார்த்தால் அடியில் திரிதிரியாக வண்டல். எண்ணிப் பார்த்தால் ஒரு குப்பியும் குறைவு.

பெட்டியை வாங்கிக் கையெழுத்துப் போட்டவள் நர்ஸ் செல்வப்பிரியா. நல்ல மருந்தை எடுத்துவிட்டுப் போலியை வைத்தாள் என்று ரத்தினசாமி ஸ்டேஷனில் பராதி எழுதிக் கொடுத்தார். இன்று வெள்ளி. ஐந்து மணிக்குள் வேறு ஆதாரம் வராவிட்டால் கைது என்று எஸ்.ஐ. சொல்லிவிட்டார்.

கேட்டுக்குள்ளிருந்து செல்வப்பிரியா வந்தாள். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஆபீசில் விசாரணை என்று தினமும் வரச்சொல்லி வராந்தா பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள். முகம் மூன்று நாள் தூங்காத முகம்.

"அக்கா, ஏஜென்ட்டு என்ன சொன்னாருங்க?"

பூமாரி உதட்டைப் பிதுக்கினாள். செல்வப்பிரியா புரிந்துகொண்டாள்.

"கையெழுத்துப் போடும்போது எண்ணிப் பாத்திருக்கலாம்லம்மா?" இந்தக் கேள்வியைப் பூமாரி கேட்பது ஐந்தாவது தடவை. கேட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தும் கேட்டாள்.

"சும்மா சும்மா தொறந்தா குளிர் போயிருங்க. அதனால நேரா பிரிட்ஜுக்கு மாத்தீட்டனுங்க. எண்ணாதது என்ற தப்புதான்." தயங்கினாள். "இன்னொண்ணு இருக்குதுங்க்கா. இது உதவுமான்னு தெரியல."

ஒரு தீப்பெட்டியை நீட்டினாள். உள்ளே வெள்ளை நூல்கள் சுருட்டிக் கிடந்தன.

"ஒவ்வொரு குப்பிக் கழுத்துலயும் கட்டியிருந்துச்சுங்க. கோயில் கயிறுன்னு நெனச்சேன். குப்பைல போட மனசு வரல. எடுத்து வச்சேன்."

"இதை ஏம்மா மூணு நாளா சொல்லல?"

"சாமி சமாச்சாரத்தைப் போலீசுக்கு எப்படிங்க சொல்றது?"

பூமாரிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நூல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டாள். பதினொன்று.

"பதினோரு நூலுன்னா, வந்ததே பதினோரு குப்பிதான்."

"எஸ்.ஐ. நூலை எண்ணி ஜாமீன் குடுப்பாருங்களாக்கா?" என்றான் சென்னிமலை.

"பேசாம இருய்யா." அவள் ஒரு நூலைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்தாள். "கோயில் கயிறுன்னா மஞ்சள் இருக்கும், குங்குமம் இருக்கும். இது வெறும் வெள்ளை. பாரு, நெடுக வளைவு வளைவா நெளிஞ்சு கெடக்கு. தைச்சதைப் பிரிச்ச நூல். சாக்கு மூட்டை வாய்ல மெஷின்ல தைச்சிருப்பாங்கள்ல, ஒரு முனையை இழுத்தா சர்ருனு மொத்தமா வரும்."

"தீவன மூட்டைங்க்கா!"

"அதேதான். ஏலக்காய் மூட்டைக்குச் சணல். இது மாட்டுத் தீவனம். இந்தப் புள்ளை வீட்ல மாடு இருக்கா?"

"கோழி கூட இல்லீங்க" என்றாள் செல்வப்பிரியா.

"அப்ப கட்டுனது மாடு வச்சிருக்கிற ஆள்."

சென்னிமலை சிரித்தான். "கெட்டுது போங்க. இந்தப் பக்கம் மாடு வச்சிருக்கறவன வரச் சொன்னா, பாலக்காட்டு ரோடு வரைக்கும் வரிசை நிக்கும்."

அதுவும் உண்மைதான். பூமாரி நூல்களை முழங்கையில் வைத்து அளந்தாள். எல்லாம் ஒரே நீளம், ஒரு முழம். ஒரு முனையில் குப்பிக் கழுத்துக்கு இறுக்கிய முடிச்சு. மறு முனையில் விரல் நுழைகிற அளவு ஒரு வளையம்.

"எதுக்குள்ளயோ தொங்க விட்டிருக்காய்ங்க. ஆழமா, கை நுழையாத எதுக்குள்ளயோ. லேபிள் ஒட்டு விட்டுப்போச்சுன்னு சொன்னியே, ஈரமா இருந்துச்சா?"

"இல்லீங்க. காய்ஞ்ச இலையாட்ட உதிர்ந்துச்சுங்க. எழுத்து அழியவே இல்ல."

"அப்ப கிணறு இல்ல. தண்ணியே இல்ல." ஜீப்பில் ஏறினாள். "மீனாட்சிபுரம் விடு. குளிர் இருக்கிற எடம் அங்க எங்க இருக்கு?"

"பால் சொசைட்டிங்க."

பஸ் ஒன்று முன்னால் ஆடி அசைந்து போனது. முந்த வழி இல்லை. எரிச்சலை அடக்க, ராமாத்தாளைப் பார்க்கும் டாக்டர் ஜோமோள் காலையில் சொன்னதைப் பூமாரி வாய்விட்டு ஒப்பித்தாள்.

"மருந்தை அப்படியே ரத்தத்துல விட்டா கிட்னியைக் கடிச்சிருமாம். அதனால கொழுப்புல குமிழி செஞ்சு அதுக்குள்ள வச்சிருக்காய்ங்க. மயிர் கனத்துல ஆயிரம் குமிழியை வரிசையா அடுக்கலாமாம். அந்தக் கொழுப்புத் தோல் மருந்தைப் பொத்திக் கொண்டுபோயி, பூஞ்சை இருக்கிற எடத்துல எறக்கி விடுது."

"டோர் டெலிவரி."

"நமக்குச் சொல்றதுன்னா ஏலக்காய் மாதிரி. தோல் இருக்கிற வரைக்கும் வாசம் உள்ள இருக்கும். தோல் வெடிச்சா காய் சாக்குலயே வாசத்தை விட்டுட்டு வெறும் சக்கையாப் போயிரும்."

"அப்ப செவ்வாய்க்கிழமை ராமாத்தாளக்காவுக்குப் போனது?"

"போலின்னா ஒண்ணுமே இல்லாத தண்ணியா இருக்கணும். தண்ணி எப்படிப்பா கிட்னியைக் கடிக்கும்?" சொன்னதும் அவளே நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கடிச்சிருக்கு. அப்ப உள்ள மருந்து இருந்திருக்கு. தோல்தான் போயிருக்கு."

சென்னிமலை தாளத்தை நிறுத்தினான்.

பால் சொசைட்டியில் மதியப் பால் இன்னும் வரவில்லை. பால் அளக்கும் ஆனந்தி, தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். பூமாரி நூலைக் காட்டிக் கேட்டதும் குளிர்த் தொட்டியின் மூடியைத் தூக்கிக் காட்டினாள்.

"இதுக்குள்ள ஆளே எறங்கிக் குளிக்கலாமுங்க. நூல் கட்டித் தொங்கவிட்டு ஆருக்கு வேணும்? இதுல குளிர் நாலு டிகிரிதானுங்க. இங்க வச்சிருந்தா மருந்து நல்லாவே இருந்திருக்கும்."

மறுபடியும் முட்டுச்சுவர். பூமாரி வெளியே வந்து தூணில் சாய்ந்தாள். மணி இரண்டு இருபது. முழங்கால் வலித்தது. திருடன் என்று ஒருவன் இருந்தால் ஓடவாவது செய்வான், துரத்தலாம். இங்கே எதைத் துரத்துவது?

"ரத்தினசாமியப் பாத்துட்டுப் போயிரலாமுங்க்கா" என்றான் சென்னிமலை. "ரெண்டு தெரு தள்ளித்தான் ஊடு. திட்டுவாரு. சும்மா நிக்கறதுக்குத் திட்டாவது வாங்கலாம்."

ரத்தினசாமி மாட்டுக்கொட்டகையில் இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மீனாட்சிபுரத்துப் பசுக்களில் பாதிக்குச் சினை ஊசி போட்டவர் அவர்தான். பூமாரியைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"ஏனுங்க, அந்தத் திருடிக்குப் பேசறதுக்கு என்ற ஊட்டுக்கே வந்துட்டீங்களா?"

"பேச வரல அண்ணாச்சி. கேக்கத்தான் வந்தேன். தங்கச்சிக்கு மறுபடி மருந்து வாங்கியாச்சா?"

"நேத்தே வாங்கியாந்துட்டனுங்க. இந்தத் தடவை எவளையும் நம்பல. என்ற காவல்ல இருக்குது. ஒவ்வொரு டோசும் நானே கொண்டுபோயிக் குடுப்பேன்."

பேசிக்கொண்டே தீவன மூட்டை ஒன்றை நிமிர்த்தினார். வாயில் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். நூல் சர்ரென்று முழுதாக வந்தது. அதை விரலில் சுற்றி, சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார். ஆணியில் ஏற்கனவே ஒரு கத்தை நூல் தொங்கியது.

சென்னிமலை ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பூமாரி அவன் காலை மிதித்தாள்.

"காவல்னா எங்க அண்ணாச்சி? பிரிட்ஜுலயா?"

"பிரிட்ஜ எவன் நம்புவான்? போன திங்கக்கிழமை மருந்தோட வந்து எறங்கறேன், கறண்டு இல்ல. ஐஸ் பூராத் தண்ணி. என்ற தங்கச்சி கண்ணு போயிட்டிருக்குது, மருந்து கையில சூடாகுது. நானென்ன சும்மா உக்காந்திருப்பனா?" குரலில் ஒரு பெருமை வந்தது. "வாங்க, காட்டறேன்."

கொட்டகை மூலையில் பால் கேன் மாதிரி, ஆனால் கழுத்து குறுகிய ஒரு அலுமினியக் கேன் இருந்தது. மூடியைத் தூக்கினார். வெள்ளைப் புகை வெளியே வழிந்து தரையில் ஊர்ந்தது. கேன் கைப்பிடியில் வளையம் வளையமாக நூல்கள் மாட்டி, உள்ளே இறங்கியிருந்தன. ஒரு நூலை மெதுவாக இழுத்தார். முனையில் ஒரு குப்பி வந்தது. உள்ளே மஞ்சள் கல்.

சென்னிமலை எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினான்.

"இதுக்குள்ள நைட்ரஜனுங்க. இந்தக் குளிர எந்தப் பிரிட்ஜும் தராது. காளை விந்துக் குச்சி இதுல பத்து வருசம் கெடந்தாலும் கெடாது. உசுரே கெடாம கெடக்குதுங்க, மருந்து கெட்டுருமுங்களா?"

பூமாரிக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் இந்த மனுஷன் காதை மூடிக்கொள்வான். அவனுக்குத் தெரிந்ததிலிருந்தே கேட்க வேண்டும்.

"அண்ணாச்சி, அந்தக் குச்சிக்குள்ள விந்து மட்டுந்தான் இருக்குமா?"

"அதெப்படிங்க? முட்டை மஞ்சக்கரு, கிளிசரின் எல்லாங் கலந்துதான் அடைப்பாங்க. டிரெய்னிங்ல சொல்லிக் குடுத்தாங்க."

"எதுக்குக் கலக்குறாங்க?"

"கலக்காட்டி உறையறப்ப உள்ளுக்குள்ள ஐஸு ஊசி ஊசியா வளருமுங்க. வளர்ந்து, உசுரணுவோட தோலக் கிழிச்சுப் போடும். அப்பறம் உருக்குனா பூராவும் செத்து..."

நிறுத்தினார். கையில் குப்பி ஆடிக்கொண்டிருந்தது.

"இந்த மருந்துக்கும் தோல்தான் அண்ணாச்சி" என்றாள் பூமாரி. "கொழுப்புத் தோல். இதுக்கு மஞ்சக்கரு யாரும் கலக்கல. உறைய வைக்கக் கூடாதுன்னு அட்டைப்பெட்டியில எழுதியிருக்குமே."

"இங்கிலீசுல எழுதியிருந்துச்சுங்க." அவர் குரல் எங்கோ போயிருந்தது. "குளுகுளுன்னு வைக்கோணும்னு கடைக்காரரு சொன்னாரு. நான் அதுக்கும் மேல..."

"இன்னைக்கு டோஸ் எங்க?"

"வெடியால நாலு குப்பி எடுத்து, உருகவிட்டு, டாக்டரம்மா கையிலயே குடுத்தனுங்க. மூணு மணிக்கு ஏத்தறதா..."

மணி இரண்டு ஐம்பத்தொன்று.

வார்டு போனை அடித்தாள். அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தாள். எடுக்க ஆளில்லை. டாக்டர் ஜோமோளின் செல் அணைந்திருந்தது. ஆபரேஷன் தியேட்டரில் இருப்பார். பூமாரி செல்லைச் சுவரில் எறியப் போனாள். எறியாமல் இன்னொரு எண்ணை அடித்தாள்.

"அக்கா?" செல்வப்பிரியா வராந்தா பெஞ்சில்தான் இருந்தாள்.

"ராமாத்தாளுக்கு ஏத்தப் போற மருந்தும் கெட்டது. நிறுத்தணும். இப்பவே."

"வார்டுக்குள்ள கால் வச்சா அந்த நிமிசமே ஸ்டேஷனுக்குக் கூட்டீட்டுப் போயிருவேன்னு எஸ்.ஐ. சொல்லியிருக்காருங்க."

"தெரியும்மா."

செல்லில் செருப்புச் சத்தம் கேட்டது. நடை, பிறகு ஓட்டம். கதவு ஒன்று மோதியது. 'ஏய், எவிடெ போகுன்னு' என்று மலையாளத்தில் தடுக்கிற ஒரு ஆண் குரல். இரும்புச் சாமான் ஏதோ உருண்டது. பிறகு செல்வப்பிரியாவின் குரல், மூச்சிரைக்க.

"அடைச்சுட்டனுங்க்கா. குழாய்ல பாதிதான் வந்திருக்குது. கைக்குள்ள ஏறல."

இணைப்பு அறுந்தது.

ரத்தினசாமி குப்பியைத் தீவன மூட்டைமேல் வைத்தார். கேன் மூடியைப் போட மறந்து, யாரும் கூப்பிடாமலே போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

ரயில்வே கேட் சாத்தியிருந்தது. ஐந்து நிமிஷம் ஆகியும் ரயில் வரவில்லை. பத்து நிமிஷம் ஆகியும் வரவில்லை.

"இந்த ரயிலுக்கும் நைட்ரஜன் வச்சிட்டாங்க போல" என்றான் சென்னிமலை.

ரத்தினசாமி சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். சுருண்ட ஒரு லேபிள். பூமாரியிடம் நீட்டினார்.

"பன்னெண்டுல ஒண்ணு நான் ஒடச்சதுங்க. எறக்கறப்ப முடிச்சு நழுவி உள்ள விழுந்து வெடிச்சுப் போச்சு. அடியில இதுதான் கெடந்துச்சு. தூக்கிப் போட மனசு வல்லீங்க."

பூமாரி அதை வாங்கவில்லை. "மூணு நாளாய்யா!" என்றாள். 'அண்ணாச்சி' என்ற மரியாதை போய்விட்டது. "மூணு நாளா அந்தப் புள்ளை ஒரு குப்பியைத் திருடுனான்னு ஊரே பேசுது. திருடலைன்னு உமக்குத் தெரியும். தெரிஞ்சே எழுதிக் குடுத்தீரு!"

"ஒண்ணு நான் ஒடச்சேன். மத்த பதினொண்ண அவ மாத்தீட்டான்னுதானுங்க நெனச்சேன். அத்தன பேரு முன்னால, நானே ஒண்ண ஒடச்சேன்னு எப்படிங்க..."

ரயில் வந்து, அவர் சொன்ன மிச்சத்தைக் கொண்டுபோய்விட்டது.

ஆஸ்பத்திரி ஆபீஸ் அறையில் செல்வப்பிரியா இரண்டு செக்யூரிட்டிக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். வலது கை இன்னும் குழாயின் அடைப்பைப் பிடித்த மாதிரியே மூடியிருந்தது. தியேட்டரிலிருந்து வந்த டாக்டர் ஜோமோள், கழற்றிய மருந்துப் பையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடியில் மெல்லிய திரிகள் இறங்க ஆரம்பித்திருந்தன.

"இது மாத்திரம் உள்ளே போயிருந்தா" என்றார், "கிட்னி தாங்காது." பையை மேஜையில் வைத்தார். "நல்ல மருந்து நாளைக்குக் காலையில வேணும். இல்லெங்கில் பூஞ்சை மூளைக்குப் போகும்."

எஸ்.ஐ. செல்வப்பிரியாவைக் கூட்டிப் போகத்தான் வந்திருந்தார். பூமாரி தீப்பெட்டியைத் திறந்து நூல்களை மேஜையில் கொட்டினாள். அவள் பேசுவதற்கு முன்னால் ரத்தினசாமி அந்த லேபிளை மேஜையில், நூல்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இந்தப் புள்ளை ஒண்ணும் பண்ணலீங்க சார். பெட்டியில பதினொண்ணுதான் இருந்துச்சு. கெடுத்தது பூராவும் நான்."

எஸ்.ஐ. அவரை ஏறிட்டுப் பார்த்தார். "அதையும் எழுதிக் குடு" என்றார். ரத்தினசாமியின் பேனா பலமுறை நின்று நின்று போனது.

வெளியே வந்தபோது மணி ஐந்து. செல்வப்பிரியாவைக் கைது செய்திருக்க வேண்டிய நேரம். ரத்தினசாமி காலி ஐஸ் பெட்டியோடு ஜீப்பின் முன்சீட்டில் இருந்தார். கோயமுத்தூர்க் கடை எட்டு மணிவரை திறந்திருக்கும். ஆனால் அவர் இறங்குவதா இருப்பதா என்று தெரியாத மாதிரி, ஒரு காலை வெளியே வைத்திருந்தார்.

செல்வப்பிரியா பின்சீட்டில் ஏறினாள். டாக்டர் எழுதிய புதுச் சீட்டு அவள் கையில் இருந்தது.

"நீயுமாம்மா போற?" என்றாள் பூமாரி.

"எண்ணி வாங்கோணுமில்லீங்க்கா."

ரத்தினசாமி திரும்பாமலே பெட்டியைப் பின்னால் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"போறப்ப நீங்களே வச்சுக்குங்கண்ணா. காலிதான? வர்றப்ப என்ற மடியில இருக்கட்டும்."

அவர் காலை உள்ளே எடுத்துக்கொண்டார். சென்னிமலை பூமாரியைப் பார்த்தான். தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தான்.

பூமாரி புளியமரத்தடியில் தனியாக நின்றாள். கையில் காலித் தீப்பெட்டி. மூன்று நாள் ஓடியதற்குத் திருடன் என்று ஒருத்தன்கூடக் கிடைக்கவில்லை. பெட்டியை வீசப் போனவள், வீசாமல் முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.